மழைக்குப் பயந்து, மழைக்குக் காத்திருக்கும் ஊருக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சின்னவனுக்கு வீசிங் வருகிற நாட்களை அதில் குறித்து வைக்கிறேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இளைப்பு வந்தால் அடிக்கிற நீல இன்ஹேலர் எத்தனை முறை, நெபுலைசர் வைத்தோமா, ஆஸ்பத்திரிக்குப் போனோமா, வெளியே மழையா வெயிலா என்று எல்லாம் இருக்கும். டாக்டர் எழுதச் சொன்னதால் ஆரம்பித்த பழக்கம். இரண்டு மழைக்காலம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தேன். சித்திரை, வைகாசிப் பக்கங்கள் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தன. ஐப்பசியில் தொடங்கித் தை பாதி வரைக்கும் இடம் பற்றாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு கார்த்திகையில் மட்டும் பதினொரு ராத்திரி.

இந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஆறு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். முடிச்சூரை விட்டுக் கோவில்பட்டிக்குப் போய்விடலாமா?

முடிச்சூருக்கு நாங்கள் 2012-ல் வந்தோம். இவருக்கு ஒரகடத்தில் வேலை, பஸ் வசதி, தாம்பரம் பக்கம், வாடகையும் கட்டுப்படியாகிறது. தரைத்தள வீடு என்பது அன்றைக்கு ஒரு வசதியாகத்தான் தெரிந்தது. அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற வேண்டியதில்லை. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தபோது பெரியவளுக்கு நாலு வயது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அதனால் பிழைத்தோம். இரண்டு நாள் கழித்துப் படகு வந்தது. 2021 நவம்பரில் வாசல்படி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடியும் உள்ளே வந்தது. வடிகால் கட்டினார்கள், பழைய அளவுக்கு இப்போது தேங்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வடிகிற தண்ணீர் தெருவிலிருந்துதான் வடிகிறது. சுவருக்குள் போனது வடியவில்லை.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள் அறையில், பீரோவுக்குப் பின்னால் தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும் ஓதம் ஏறியிருக்கிறது. பெயிண்ட் முதலில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். விரலால் அழுத்தினால் உள்ளே மாவு மாதிரி உதிரும். அப்புறம் கருப்பும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தால் நாலு நாள் வெள்ளையாக இருக்கும், ஐந்தாம் நாள் அதே இடத்தில் அதே படம் திரும்ப வந்துவிடும். லீவு முடிந்து ஒருநாள் சின்னவனின் பள்ளிப் பையை எடுத்தேன். தோளில் மாட்டும் பட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. அதைத்தான் இந்தப் பிள்ளை தினமும் கழுத்துக்குப் பக்கத்தில் சுமந்துகொண்டு போயிருக்கிறான். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். காற்றில் இருக்கிற ஈரத்தைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். உள் அறையில் 84 சதவீதம் காட்டியது. ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகும் 80-க்குக் கீழே இறங்கவில்லை.

கோவில்பட்டிப் பேச்சு வந்ததும் முதலில் டாக்டரிடம்தான் கேட்டேன். வறண்ட ஊருக்குப் போனால் இவனுக்குச் சரியாகிவிடுமா? ஆமாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்றுதான் போனேன், சொல்லவில்லை. பொறுமையாக விளக்கினார். படுக்கையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் இருக்கின்றன, அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கிற ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் ஈரக்காற்று என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பூஞ்சணமும் அப்படித்தான். காற்று உலர்ந்தால் இரண்டும் குறையும். ஆனால் வறண்ட ஊரில் புழுதி இருக்கிறது, சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் நிறைய பேருக்கு ஒத்துக்கொள்ளாது. இதற்கெல்லாம் மேலே, இந்த வயதில் வீசிங்கைத் தூண்டுவது பெரும்பாலும் சாதாரணச் சளிதான், அது எந்த ஊரிலும் வரும். தடுப்பு இன்ஹேலரைத் தினமும் ஸ்பேசர் என்கிற குழாயை வைத்துச் சரியாக அடிக்கிறீர்களா என்று கேட்டார். அடிக்கிறோம் என்றேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். “ஊரை மாத்துறதுக்கு முன்னாடி வீட்டை மாத்திப் பார்த்தீங்களாம்மா?”

நியாயமான கேள்வி. வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. அடுத்த இரண்டு மாதம் பெருங்களத்தூர், முடிச்சூர், படப்பை என்று மாடி வீடாகத் தேடினோம். ஆறு வீடு பார்த்தோம். ஓதம் இல்லாத, வெளிச்சம் வருகிற இரண்டாம் மாடி வீட்டுக்குப் பதினெட்டாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். இப்போது கொடுப்பது பதின்மூன்று. குறைந்த வாடகைக்குக் கிடைத்த மாடி வீடுகளில் மொட்டை மாடி ஒழுகி, சீலிங்கில் வட்ட வட்டமாகக் கறை. சரி, பதினெட்டே கொடுக்கலாம் என்று ஒரு கட்டத்தில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வீடு மேலே போனாலும் ரோடு கீழேதான் இருக்கும்.

மிக்ஜாம் ராத்திரியை நான் மறக்க மாட்டேன். இவனுக்கு இளைப்பு ஏறிக்கொண்டே போகிறது, கரண்ட் இல்லை, நெபுலைசர் சும்மா கிடக்கிறது. தாம்பரம் நாலே கிலோமீட்டர். இவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் மணல் ஏற்றுகிற டிராக்டர் ஒன்றைக் கூட்டிவந்தார். டிராக்டரில், மடியில் குடையும் பிள்ளையுமாக, ஒன்றரை மணி நேரம். விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே இழுத்து இழுத்து அடங்குவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே போனேன். அந்த டிராக்டர்க்காரர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அதனால்தான் கோவில்பட்டி. அத்தை பிறந்த கிராமம் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை என்றால், கோவில்பட்டி இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்தில் அதில் பாதிகூடக் கிடையாது. தாம்பரத்தில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்கு முன்னால் இறங்கிவிடலாம். இப்போது வந்தே பாரத்தும் நிற்கிறது. எனக்கு வேலை லேப்டாப்பில். மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் 11-ம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ம் தேதி இன்னொன்று. அது எந்த ஊரில் இருந்தாலும் நடக்கும்.

நான் சொன்னதும் அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். “அந்த ஊர்லருந்து நான் ஏன் வந்தேன்னு தெரியுமா தாயி?”

தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அவருக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் கிணறு வற்றியது. மானாவாரி நிலம், இரண்டு வருஷமாக விதைத்த விதைகூடத் திரும்பவில்லை. ஊருணியில் தண்ணீர் சுரக்கச் சுரக்க, கொட்டாங்குச்சியால் மோந்து குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்குப் போனால்தான் வரிசை கிடைக்கும். வயிற்றில் பிள்ளையோடு, அதாவது இவரோடு, அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். 1983-ல் மாமா தகரப் பெட்டியோடு சென்னைக்கு ரயிலேறினார், ஆறு மாதம் கழித்து அத்தை. “மழை வேண்டாம்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது” என்றார். அதற்கு மேல் சாப்பிடவில்லை.

நான் மழை வேண்டாம் என்று சொல்லவில்லை என்று சமாதானம் சொன்னேன். ஆனால் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேசிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, போய் இருந்து பார்த்துவிடலாம் என்று ஐப்பசியில் பதினெட்டு நாள் சின்னவனோடு கோவில்பட்டி போனேன். இவன் ஒன்றாம் வகுப்பு, லீவு சொல்வது கஷ்டமில்லை. இவருடைய சித்தப்பா வீட்டு மாடி அறை. இறங்கிய அன்றைக்கு மத்தியானம் மீட்டரை ஜன்னலில் வைத்தேன், 57. துவைத்துப் போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் முறுக்கென்று காய்ந்திருந்தது. அந்தத் துண்டை மூக்கில் வைத்து முகர்ந்தேன். வெயில் வாசனையைத் தவிர எதுவும் இல்லை. முடிச்சூரில் அந்த மாதம் எந்தத் துணியை எடுத்தாலும் ஒரு புளித்த வாடை இருக்கும், அது எனக்குப் பழகியே போயிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினெட்டு நாளில் நோட்டில் இரண்டே பதிவு. ஒன்று, அத்தையின் கிராமத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பிய நாள், வழியெல்லாம் புழுதி, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். அன்று ராத்திரி இன்ஹேலர் நாலு முறை. இரண்டாவது, சித்தி பரணை ஒதுங்க வைத்த நாள். டாக்டர் சொன்னது அப்படியே பலித்தது. வறட்சி ஒன்றும் மந்திரமில்லை. ஆனால் மீதிப் பதினாறு ராத்திரி அவன் தூங்கினான். நானும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எட்டயபுரம் போகிற வழியில் இரண்டு ஏக்கர் கரிசல். புரட்டாசியிலேயே உளுந்து விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தார். அங்கே எல்லோருமே அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும், இல்லாவிட்டால் விதை, உழவுக்கூலி, உரம் எல்லாம் மண்ணோடு. சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து கிழக்கே பார்ப்பார். முளைத்தது இரண்டு இலை விட்டு நிற்கிறது, இன்னும் ஒரு வாரம் தாங்காது என்றார்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி கிழக்கே மின்னியது. நான் மாடி வராந்தாவில் நின்றிருந்தேன். மின்னல் வெட்டியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, உடனே உள்ளே போய் நெபுலைசரை எடுத்து வைத்து, பிளக் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். திரும்ப வந்தால் கீழே அக்கா தெருவுக்கே வந்து நிற்கிறார். எதிர் வீட்டுத் தாத்தாவும் வந்துவிட்டார். “எறங்கிரும்க்கா, இன்னைக்கு எறங்கிரும்” என்று யாரோ சொல்கிறார்கள். முதல் தூறல் விழுந்தபோது அக்கா இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேலே நின்ற என்னைப் பார்த்து, “ஒங்க புள்ள வந்த நேரம் தாயி” என்றார்.

நான் சிரித்தேன். என்ன செய்ய? அந்த ராத்திரி முழுக்க ஒரு பக்கம் மழைச் சத்தம், ஒரு பக்கம் இவன் மூச்சு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை ஏறவில்லை. மூன்று மணிக்கு மழையும் விட்டது. இவன் அசையாமல் தூங்கினான். காலையில் மண் வாசனை ஊரையே தூக்கியது. தெரு முனையில் கரிசல் மண் செருப்பின் அடியில் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனம். அக்கா சில்வர் தூக்கில் குழிப்பணியாரம் கொடுத்து அனுப்பினார். வாங்கும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இந்த ஊரின் மழை குறைவு என்பதற்காகவே நான் இங்கே வரப் பார்க்கிறேன். அது இவர்களுடைய கஷ்டம். அத்தை தட்டைக் கீழே வைத்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முடிச்சூர் திரும்பிய பிறகு ராத்திரி ராத்திரியாகக் கணக்குப் போட்டோம். இவர் ஒரகடம் வேலையை விட முடியாது. கோவில்பட்டியில் மில்லோ தீப்பெட்டி யூனிட்டோ கொடுக்கும் சம்பளம் இப்போதைய சம்பளத்தில் பாதிகூட வராது. பிள்ளைகளின் இன்ஷூரன்ஸும் இந்தக் கம்பெனி வழியாகத்தான். ஆகவே இவர் படப்பையில் நண்பரோடு ஒரு அறை எடுத்துக்கொள்வார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயில். கோவில்பட்டி வீட்டுக்கு வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு. எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் இல்லை, நஷ்டமும் இல்லை. பணம் இதை முடிவு செய்யாது என்று தெரிந்ததே ஒரு நிம்மதி.

ஆஸ்பத்திரிதான் பெரிய கவலை. கோவில்பட்டியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது, குழந்தை டாக்டர்கள் இருக்கிறார்கள். ரொம்ப முடியாமல் போனால் திருநெல்வேலி, கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர், நாலு வழிச்சாலையில் ஒரு மணி நேரம். சென்னையோடு பார்த்தால் தூரம்தான். ஆனால் நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆன ராத்திரி எனக்குத் தெரியும்.

வறண்ட ஊர் என்று சொல்கிறோமே தவிர, 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டத்தில் கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். கோவில்பட்டியிலும் கண்மாய்கள் உடைந்தன. 2024 டிசம்பரிலும் அங்கே பெருமழை. அதனால் வீடு பார்த்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்பதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு விடவில்லை. பெட்டிக்கடையில் ஒரு தரம், கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு தரம், பால்காரரிடம் ஒரு தரம் கேட்டேன். மூன்று பேரும் கைகாட்டிய இடம் அந்தத் தெருவின் கீழ்க்கோடி. நாங்கள் பார்த்த வீடு மேட்டில் இருக்கிறது. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கடைக்கால் எவ்வளவு ஆழம் போட்டாலும் கொஞ்சம் அசையத்தான் செய்யும் என்றார் சித்தப்பா. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். விரிசல் இருந்தது, ஓதம் இல்லை. குழாய்த் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது, ஆனால் தினமும் வராது. வீட்டுக்காரர் ஐந்தாறு நாளைக்கு ஒரு முறை என்றார். போர் தண்ணீர் உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும்.

பெரியவளை விட்டுவிட்டேன் பாருங்கள். வீட்டிலும் அப்படித்தான் ஆனது. எல்லோரும் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவளிடம் வந்தோம். எட்டாவது முடிக்கிறாள். போவதென்றால் இந்த ஜூனில் போனால்தான் உண்டு, பத்தாவதில் மாற்ற முடியாது. “தம்பி உடம்புக்காகத்தான்மா” என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள். “அவனுக்காகன்னு சொல்லாதீங்கம்மா. அப்புறம் அங்க எனக்கு எது பிடிக்கலைன்னாலும் அவன் மேலதான் கோபம் வரும்.”

பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளை உட்கார வைத்து, அந்த நோட்டைக் காட்டாமல், முதல் தடவையாக என் பயத்தைச் சொன்னேன். தண்ணீர் வந்த மூன்று தடவையும் அவளைத் தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ ஓடியது, இன்னமும் மழைச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசல்படியைப் பார்ப்பது, எல்லாவற்றையும். தம்பி இல்லாவிட்டாலும் எனக்கு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த விடுமுறையில் அவளையும் கூட்டிப்போனேன். கோவில்பட்டியில் ஹாக்கி என்பது தெருவிளையாட்டு. சைக்கிள் கேரியரில் மட்டையைச் செருகிக்கொண்டு பிள்ளைகள் விடியற்காலையில் செயற்கைப் புல் மைதானத்துக்குப் போவார்கள். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பையன்தான். வேலிக்கு வெளியே நின்று முக்கால் மணி நேரம் பார்த்தாள். பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தோழிகளை விட்டுப் போகிற துக்கத்துக்கு ஹாக்கி ஈடாகாது, அது எனக்குத் தெரியும்.

போன வாரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒரு வருஷம் என்று பேச்சு. வீடு வாங்குவதோ மனை பார்ப்பதோ இல்லை. இரண்டு ஐப்பசியை இந்த நோட்டில் எழுதியாகிவிட்டது, அங்கே ஒரு முழு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை எழுதிப் பார்க்க வேண்டும். பக்கங்கள் இங்கே மாதிரியே நிரம்பினால் திரும்பி வந்து அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் வீட்டைத் தேடுவோம். சீமைக்கருவேலம் பூக்கிற மாதங்களில் காலையில் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், தலையணைக்கு ஜிப் வைத்த உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன், நெபுலைசருக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்க வேண்டும்.

அத்தை என்ன செய்வார் என்று தெரியாமலேயே இருந்தது. மகனோடு படப்பையில் இருக்கிறேன் என்று ஒருநாள், மதுரையில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருநாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. அந்த ஊருக்குத் திரும்பச் சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலை கணக்கு வேலையில் இருந்தேன். பின்கட்டில் என்னவோ தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தால், பரணில் இருந்த பித்தளை அண்டாவை இவரை விட்டு இறக்கச் சொல்லியிருக்கிறார். 1983-ல் ஊரிலிருந்து வந்தது. இருபது குடம் பிடிக்கும். இங்கே வந்த நாளிலிருந்து நாங்கள் அதில் பழைய துணியைத்தான் போட்டு வைத்திருந்தோம். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு புளியும் சாம்பலும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். பாதி அண்டா மஞ்சளாக மின்னியது, பாதி இன்னும் கருப்பு.

“அந்த வீட்ல தொட்டி எத்தன குடம் புடிக்கும்னு கேட்டியா தாயி?” என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

கேட்கவில்லை. இன்றைக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.